மிஸ் சிவயோகத்தின் படம் மண்டபத்துக்குள் வருமுன்

செய்தி என்னிடம் ஒரு கோப்பிக் கடையில் வந்து சேர்ந்தது. புந்தோங் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு, காயா ரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய ஆபீஸ்காரர்கள் சிலர் வைத்திருக்கும் வாட்சாப் குழுவில் டத்தோவின் மகன் எழுதியிருந்தார்: ‘எங்கள் நிறுவனத்தின் முன்னாள் உதவியாளர் மிஸ் சிவயோகம் இன்று காலை காலமானார். அப்பாவின் பல பணிகளில் துணை நின்றவர். ஆழ்ந்த இரங்கல்.’ அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. உதவியாளராம். செத்த அன்றைக்காவது அந்தச் சொல்லை எழுதாமல் இருந்திருக்கலாம். ரொட்டி வருவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடைக்காரச் சீனர் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார். மீன் பையை மேசையிலேயே விட்டிருந்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் யோகம் அன்ரி. மீதிப் பேருக்குத் தோட்டத்து மண்டபத்துக்கு மழையில் குடையோடு வந்த அம்மா. எனக்கு ஐம்பது வருடமாக அவர் மிஸ்; நான் அவருக்கு மிஸ்டர் முனியாண்டி. அவர் கட்டடக் கலைஞர், மெல்பர்னில் படித்து வந்தவர். நான் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்குப் போடுகிற எஞ்சினியர். இரண்டு பேரும் ஈப்போவில் ஒரே ஆபீசில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்த ஆபீஸ் டத்தோவுடையது. அப்போது அவருக்கு டத்தோ பட்டம் கிடைத்திருக்கவில்லை. இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பெயர் எழுதியிருக்கிற இடங்கள் போதும். அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிஸ்ஸுக்குக் குடும்பம் என்று இருந்தது அக்கா மகள் சுகந்திதான். அவர் டாக்டர், ஓயாமல் ஓடுகிறவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பாட்டைத் தோட்டத்து மண்டபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். “சின்னம்மா கட்டின மண்டபம்தானே அங்கிள், அங்க வைக்கிறதுதானே பொருத்தம்?” என்று கேட்டார். பொருத்தம்தான். ஆனால் மண்டபத்தின் வாசல் சுவரில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. கட்டடக் கலைஞர் என்று பொறித்து அதன் கீழே டத்தோவின் பெயர். அந்தக் கல் அங்கே இருக்கும்வரை உள்ளே காலடி வைக்கமாட்டேன் என்று மிஸ் சபதம் செய்திருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாக அதைக் காப்பாற்றினார். உயிரோடு இருந்தபோது வராதவரை, செத்த பிறகு சட்டம் போட்டுப் படமாக உள்ளே தூக்கிக்கொண்டு போக யாருக்கு உரிமை இருக்கிறது? சுகந்தி இதைக் கேட்டு ஆடிப்போனார். அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. டத்தோவும் வருகிறாராம், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறாராம்.

அப்படியானால் என்ன செய்வது என்று சுகந்தி கேட்டார். கல்லை இறக்குவது என்று சொன்னேன்.

 அவர் மலருக்கு ஒரு கட்டுரை தரும்படியும் அதை இனிமையாக எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். மிஸ்ஸைப் பற்றி இனிமையாக எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அந்த மண்டபம் எப்படி உருவானது என்பது உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. செமோரிலிருந்து சுங்காய் வரை தோட்டங்களில் பால்மரம் வெட்டிய ஜனங்கள் சேர்ந்து நடத்திய சகாயநிதிச் சங்கத்துக்கு, எழுபதுகளில், ஈப்போவில் ஒரு சொந்த இடம் வேண்டியிருந்தது. கீழே கல்யாணம் காட்சிக்கு ஒரு கூடம். மேலே, பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவருகிறவர்கள் தங்க அறைகள். வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. டத்தோ அதை ஒரு சில்லறை வேலையாக நினைத்து மிஸ்ஸின் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அப்போது அவர் கவனமெல்லாம் ஒரு பேங்குக் கட்டடத்தின் மேல்.

மிஸ் பென்சிலைத் தொடவில்லை. அழைப்பில்லாமல் தோட்டத்துக் கல்யாணங்களுக்குப் போகத் தொடங்கினார். நான்தான் வழி காட்டக் கூடப் போவேன். பந்தலின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள், அண்டாவை எந்த வழியாகத் தூக்கி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பொண்ணு வீட்டுச் சொந்தம் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று பொண்ணு வீட்டாரும் நினைத்து இரண்டு பக்கமும் உபசரித்தார்கள். மழை பிடித்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து எங்கே விழுகிறது, யார் மேல் தெறிக்கிறது என்று குடைக்குள் நின்று பார்ப்பார். ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் மழைக்குப் பஞ்சம் கிடையாது. “வெயில்ல எல்லாக் கட்டடமும் வடிவாத்தான் இருக்கும், மிஸ்டர் முனியாண்டி. மழையில நிண்டு பாரும்” என்பார்.

சங்கத்துக்காரர்கள் உயரமான மேடை கேட்டார்கள். பெரிய மனிதர்கள் வந்தால் நாலு படி ஏறி நின்று பேச வேண்டாமா? மிஸ் ஒரே ஒரு படி உயரத்துக்கு வரைந்து கொண்டுவந்தார். எனக்கே அது சரியாகப் படவில்லை, கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது என்று வாதாடினேன். அவர் தரையைக் கடைசி வரிசையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வரைந்திருந்ததைக் காட்டினார். பிறகு, என் அப்பா தோட்டத்தில் சம்பள நாளன்று எங்கே நிற்பார் என்று கேட்டார். சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் ஆபீசின் சன்னலுக்கு வெளியே, முற்றத்தில் நிற்பார் என்றேன். மிஸ்ஸின் அப்பா வேறொரு தோட்டத்தில் கிராணி. அது எனக்கு அதுவரை தெரியாது.

“என்ர அப்பா மேசைக்குப் பின்னால கதிரையில இருந்தவர். உம்மட அப்பா வெளியில வெயில்ல நிண்டவர். இந்த மண்டபத்தில ஆரும் ஆரையும் அண்ணாந்து பார்க்கக் கூடாது” என்றார்.

மேடைக்கு அவர் வரைந்தபடியே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் எனக்கு என் அப்பாவின் நினைவாகவே இருந்தது.

இன்னொரு சண்டை தூண்களைப் பற்றி. கூரையை அவர் நடுவில் பள்ளமாக, விரித்த புத்தகம் மாதிரி வரைந்திருந்தார். மழை முழுவதும் அந்தப் பள்ளத்தில் சேரும். அங்கிருந்து கீழே இறங்கக் குழாய் வேண்டும். வெளிச்சுவரில் குழாய் ஓடினால் அசிங்கம் என்று குழாய்களைத் தூண்களுக்கு உள்ளேயே விட்டார். தூணைப் பொந்தாக்கினால் என் கணக்கு என்ன ஆவது? ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். கடைசியில் தூணின் பருமனைக் கூட்டிக் கொடுத்தேன். தண்ணீர் தூணுக்குள் இறங்கி, அடியில் கட்டடத்தைச் சுற்றிப் போட்டிருந்த கூழாங்கல் படுகைக்குள் போய், மண்ணுக்குள் மறைந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் கூழாங்கல் அழகுக்குப் போட்டது போல இருக்கும். பெரிய மழையில் காது வைத்தால் தூணுக்குள் தண்ணீர் இறங்குவது கேட்கும். இது மிஸ்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கட்டிய கொன்ட்ரேக்டருக்குத் தெரியும். டத்தோ அந்த சைட்டுக்கு வந்தது அடிக்கல் நாட்டிய அன்றும் திறப்பு விழா அன்றும்தான்.

திறப்பு விழாவில் அமைச்சர் துணியை விலக்கியபோதுதான் கல்லை நாங்கள் பார்த்தோம். வரைபடங்களில் டத்தோ கையெழுத்துப் போட்டது எங்களுக்குத் தெரிந்ததுதான். மிஸ்ஸுக்கு அப்போது கட்டடக் கலைஞராகப் பதிவு வரவில்லை. சட்டப்படி ஆபீஸ் முதலாளிதான் போட வேண்டும். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் கையெழுத்து வேறு, கல் வேறு. சங்கத்துக்காரர்கள் யார் பெயரைப் பொறிப்பது என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். டத்தோ தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. கேட்டபோது இன்னொரு பெயரையும் சொல்லியிருந்தால் கல் ஒன்றும் சிறுத்துப் போயிருக்காது. நோகாமல் நுங்கு தின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் நுங்கைத் தின்றதோடு மரத்தையும் தன்னுடையது என்றார்.

அன்று மிஸ்ஸை அமைச்சரின் மனைவிக்குத் துணையாகப் பெண்கள் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர், மேடை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று டத்தோவைக் கேட்டார். ஜப்பானில் இப்படிப் பார்த்ததாகவும், அதிலிருந்து வந்த யோசனை என்றும் டத்தோ சொன்னார். மிஸ் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விழா முடிந்து படியிறங்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “அந்தாள் ஜப்பானுக்குப் போனதே இல்லை.”

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று சுகந்தியின் தலைமுறை கேட்கிறது. டத்தோவும் மிஸ்ஸின் சமூகத்து ஆள்தான். ஒரே கோயில், ஒரே தேர்த் திருவிழா, கல்யாணம் பேசினால் எப்படியும் சுற்றி வந்து சொந்தமாகிவிடுகிற சின்னக் கூட்டம். மிஸ்ஸின் அப்பாவே வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். நம்மட ஆக்களுக்குள்ள இதென்ன சண்டை என்றாராம். மிஸ் வாயை மூடிக்கொண்டார். வேலையை விட்டார். பழைய டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் தனியாக ஆபீஸ் போட்டார். பாகான் செராயில் ஒரு கிளினிக், பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பறைகள், நிறைய வீடுகள் என்று முப்பது வருடம் வரைந்தார். அவை எதிலும் கல் பதிக்க அவர் விட்டதில்லை.

ஆனால் கோபத்தை அவர் கீழே வைக்கவில்லை. கோயிலில் டத்தோ கையால் பிரசாதம் வாங்கமாட்டார். டத்தோ வலம் வருகிறார் என்றால் கொடிமரத்தடியில் நின்று, அவர் சுற்றி முடித்துப் போன பிறகுதான் நடக்கத் தொடங்குவார். அவருக்கு டத்தோ பட்டம் கிடைத்ததற்கு ஊரே மாலை போட்டபோது, மிஸ் அன்றைக்குப் பார்த்துத் தலைவலி என்று படுத்துக்கொண்டார். மறுநாள் என்னிடம், தலை வலிக்கவே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். சாமி கும்பிடுகிற ஆள், கொஞ்சம் மன்னிக்கக் கூடாதா என்று ஒரு தடவை நானே கேட்டேன். “மன்னிக்கிறது சாமியின்ர வேலை. நான் பிளான் வரையிறவள்” என்றார். இறந்தவர்களைப் பற்றிய கட்டுரைகளில் யாரும் யார் மீதும் கோபமாக இருந்ததில்லை என்று எழுதுவது வழக்கம். மிஸ்ஸைப் பற்றி அப்படி எழுதினால் அது அவரைத் திட்டுவதாகும்.

இருபத்தைந்து வருடம் போல ஆன பிறகு, மண்டபத்தை நவீனமாக்குவது என்று சங்கம் முடிவு செய்தது. வேலை எங்கே போயிருக்கும்? டத்தோவின் ஆபீசுக்குத்தான். ஏர்கோன் போடுவதற்காகக் காற்று வரும் துவாரக் கல்வரிசையை அடைத்தார்கள். கூரையின் பள்ளம் தெரியாமல் அட்டையில் பொய்க்கூரை போட்டார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சுற்றியிருந்த கூழாங்கல்லை அள்ளிப் போட்டுவிட்டுக் கான்கிரீட் ஊற்றி ஓடு பதிக்கத் திட்டம் போட்டார்கள். பழைய வரைபடங்களைக் கறையான் தின்றிருந்தது. டத்தோவின் மகன் படித்த பிள்ளை. குழாயே இல்லாத கட்டடத்தில் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கிறது. நேரே மிஸ்ஸின் மேல்மாடிக்கு வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

மிஸ் அவருக்குத் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

“அந்த மண்டபம் உங்கட அப்பா வரைஞ்சதுதானே. கல்லில எழுதியிருக்கே. அவரைக் கேளும், தம்பி” என்றார்.

அவர் அப்பாவைக் கேட்டிருக்கிறார். தெரியாது என்று டத்தோவால் எப்படிச் சொல்ல முடியும்? தண்ணீர் பின்பக்கமாகப் போகிறது, நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். ஓடு பதித்தார்கள். தூணின் அடியில் இருந்த அத்தனை வாயும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மிஸ் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பேன். மண்டபம் இடியாது என்று எனக்குத் தெரியும், அது என் கணக்கு. நனையும். நனையட்டும் என்று இருந்தேன். வேலை முடிந்ததும் டத்தோவுக்கு அங்கேயே ஒரு பாராட்டு விருந்து நடக்கப்போவதாகப் பத்திரிகையில் பார்த்தோம். வெயில் காலம். மிஸ் ஒவ்வொரு நாளும் சன்னல் வழியாகக் குன்றுகளின் பக்கம் மேகத்தைப் பார்ப்பார். உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொள்வோம்.

மழை விருந்துக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சுங்காயிலிருந்து வந்த ஒரு கல்யாணத்தின் நடுவில், தாலி கட்டிப் பந்தி போட்டிருந்தபோது கொட்டியது. பள்ளத்தில் சேர்ந்த தண்ணீருக்கு இறங்க வழியில்லை. பொய்க்கூரையின் மேல் நிறைந்து, ஊறிய அட்டைகள் இலைகளின் மேலேயே பெயர்ந்து விழுந்தன. சங்கத்துக் காவலாளி டத்தோவின் ஆபீசுக்கும் வீட்டுக்கும் போன் செய்து பார்த்துவிட்டு, யாரும் எடுக்காததால் எனக்குச் செய்தார். நான் மிஸ்ஸுக்குச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

“ஆற்ற கலியாணம்?” என்று மட்டும் கேட்டார். சுங்காய்ப் பிள்ளை என்றேன். “என்ர கோபத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தது?” என்று போனை வைத்துவிட்டார்.

நான் சுத்தியலும் உளியுமாகப் போய்ச் சேர்வதற்குள் மிஸ் குடையோடு தூணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. குடையின் முனையால் புது ஓட்டில் தட்டி, இங்கே உடை என்றார். மாப்பிள்ளையின் தம்பிமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து உடைத்தார்கள். முதல் தூணின் வாய் திறந்ததும் தண்ணீர் ஆளைத் தள்ளுகிற மாதிரி வந்தது. ஒவ்வொரு தூணாக அவர் காட்டக் காட்ட உடைத்தோம். எந்த இடத்திலும் அவர் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. உள்ளே கூரையிலிருந்து கொட்டுவது குறைந்து, சொட்டி, நின்றது. கல்யாணப் பெண் மாலையோடு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் இருந்த யாரோ கேட்டார்கள். இது அவங்க வீடு மாதிரி, அவங்கதான் வரைஞ்சாங்க என்றேன். அந்த வாக்கியத்தை அந்த மண்டபத்து வாசலில் சத்தமாகச் சொல்ல எனக்கு அத்தனை வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

இதில் என்னால் இன்றும் சீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு டத்தோவின் பாராட்டு விருந்து. அன்றும் பேய்மழை. மிஸ் வாயைத் திறந்துவிட்ட தூண்கள் வழியாகத் தண்ணீர் ஒழுங்காக இறங்கிப் போனது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. டத்தோ ஒற்றைப்படி மேடையில் நின்று, நல்ல கட்டடம் காலத்துக்கும் நிற்கும் என்று பேசினாராம். நான் மறுநாள் மிஸ்ஸிடம் போய், “நான் போயி திரும்ப அடைச்சிட்டு வரட்டா மிஸ்?” என்று கேட்டேன். அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல மனுஷி யோசிக்க வேண்டியதைவிட அதிக நேரம் யோசித்தார். பிறகுதான் தலையை ஆட்டினார்.

சங்கத்துக்காரர்கள் நன்றி மறக்கவில்லை. கல்லில் டத்தோ பெயருக்குக் கீழே மிஸ்ஸின் பெயரையும் சேர்க்கிறோம் என்று பழத்தட்டோடு வந்தார்கள். மிஸ் தட்டை வாங்கவில்லை. “அந்தாளுக்குக் கீழ என்ர பேர் வேண்டாம். அந்தப் பேரை எடுங்கோ. என்ர பேர் போடத் தேவையில்லை. கல் இறங்கினால் நான் உள்ள வருவன்” என்றார். டத்தோ பெயரை எடுப்பதா? யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று போட்ட சபதம் அது. அதன் பிறகு எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. வாசல்வரை வருவார், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே கூப்பிட்டு ஆசீர்வாதம் செய்வார், அப்படியே திரும்பிவிடுவார். சாப்பிடாமல் போகிறாரே என்று கோபித்தவர்கள் உண்டு. அவர்களில் யாராவது இதைப் படித்தால் இப்போதாவது புரியட்டும்.

மிஸ் போன பிறகு சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் நான் கல்லை இறக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். ஓய்வு பெற்றபின் நானும் அதில் ஓர் உறுப்பினர். பெரிய எதிர்ப்பு. செயலாளர், “டத்தோ கோவிச்சுக்குவாரு லா. வயசான மனுசன், விட்டுருங்கண்ணே” என்றார். மிஸ்ஸுக்கும் வயதாகிக்கொண்டுதான் இருந்தது, அப்போது யாரும் விட்டுக்கொடுக்கவில்லையே என்றேன். வாக்கெடுத்தால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் பொருளாளர் கலைச்செல்வி எழுந்தார். அன்று மழையில் மாலையோடு வாசலில் நின்ற கல்யாணப் பெண் அவர்தான். இப்போது அவர் மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

“என் கல்யாணத்துல மழை உள்ள வந்திச்சு. கல்லுல பேரு இருக்கிறவரு வரல. பேரு இல்லாத அம்மாதான் குடையோட வந்தாங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைகள் தூக்கப்பட்டன. செயலாளரின் கை கடைசியாக வந்தது, ஆனாலும் வந்தது. சபையில் நான் அழுதேன். எதிர்த்தவர்களே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதுவரை எழுதியதைச் சுகந்தியிடம் கொடுத்தேன். இனிமையாக எழுதக் கேட்டவர் ஆயிற்றே, திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்.  “ஒரு சொல்லும் எடுக்கேல்ல அங்கிள். சின்னம்மா இருந்தா இன்னும் கொஞ்சம் காரம் போடச் சொல்லியிருப்பா” என்றார்.

மிஸ்ஸின் வீட்டை ஒழுங்கு செய்தபோது எனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார். வரைமேசை இருந்தது, நல்ல பேனாக்கள் இருந்தன. நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதை அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொடுத்துவிட்டார். கடைசியாகப் பார்த்த அன்று அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை. ஆனாலும் பேசினார். “நான் செத்தால் அந்தாள் வந்து என்னைப் பற்றிப் பேசும். தடுக்காதேயும். ஒரு கேள்வியாவது கேளும்” என்றார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. ஐம்பது வருடம் வைத்திருந்தும் அது கெட்டுப் போகவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் இலையில் தண்ணீர் விழுந்தபோது வழி விட்டது, அதற்குரியவரிடம் மட்டும் ஒரு நாளும் வழி விடவில்லை. இனி அது என்னிடம் இருக்கும். எனக்கும் வயதாகிவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் அதைத் தூக்கிச் சுமக்க உடம்பில் பலம் இருக்கிறது.

நீங்கள் இதைக் கையில் வாங்கும்போது கல் இறங்கியிருக்கும். வாசலுக்கு இடப்பக்கம் சுவரில் ஒரு வெளிறிய சதுரம் தெரியும். பூசி மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வேறு பெயர் எதுவும் அங்கே வராது. மிஸ் கேட்டது அவ்வளவுதான். கல் போன பிறகு படத்தைச் சுகந்தியும் கலைச்செல்வியும் உள்ளே எடுத்து வருவார்கள். ஒரு படி ஏறி மேடையில் வைப்பார்கள். நீங்கள் யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது.

டத்தோ அவர்களே, நீங்களும் வந்திருப்பீர்கள். உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்கும். தாராளமாகப் பேசுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். பேசி முடித்ததும் முதல் பந்தியில் உங்களுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து இலை என்னுடையது. சோறு வருவதற்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்த மண்டபத்தைப் படைத்தது யார் என்று உங்களைக் கேட்பேன். ஒரு பெயர் சொன்னால் போதும். சொல்லிவிட்டுச் சாப்பிடலாம்.